பேச்சு–மொழி, ஆடியாலஜி மேற்படிப்பு: முதலில் எந்தப் பதிவேடு?

"எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?" என்பதில்தான் பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. இந்தத் துறையில் அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, படித்து முடித்து எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பது. இரண்டாவது, அந்த நாட்டில் உங்கள் பெயரைப் பதிவு செய்பவர் யார். மூன்றாவது, அந்தப் பதிவேட்டில் ஏற எந்தப் பட்டம் போதும். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கல்லூரிப் பட்டியல் தானாகவே பாதியாகச் சுருங்கிவிடும்.

காரணம் எளிது. பேச்சு, மொழி, விழுங்கும் கோளாறுகளைப் பார்க்கும் பேச்சு–மொழி நோயியலும், செவித்திறனைச் சோதித்துச் சரிசெய்யும் ஆடியாலஜியும் பெரும்பாலான நாடுகளில் பதிவு அல்லது சான்று இல்லாமல் செய்ய முடியாத தொழில்கள். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இருக்கிறது. மன்றத்தை எல்லோரும் ஆர்சிஐ என்றுதான் சொல்வார்கள். அதன் மையப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். அபராதத் தொகை இன்று சிரிப்பை வரவழைக்கலாம். சிறை என்ற சொல் அப்படியல்ல. அமெரிக்காவில் மாநில உரிமம், பிரிட்டனில் சுகாதாரத் தொழில்களைப் பதியும் ஹெச்சிபிசி அமைப்பின் பதிவு, ஆஸ்திரேலியாவில் தொழில்முறைச் சங்கத்தின் சான்று. ஒரே பெயருள்ள இரண்டு எம்.எஸ்சி.களில் ஒன்று உங்களைப் பதிவேட்டில் ஏற்றும், மற்றொன்று ஏற்றாது. கட்டணத்தையும் காலத்தையும் இரண்டும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும்.

ஆடியோவா, ஸ்பீச்சா?

இரண்டு துறைக்கும் பொதுவான இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கும் மாணவர்கள் இறுதி ஆண்டில் ஓயாமல் விவாதிப்பது இதைத்தான். "மெஷின் பிடித்தால் ஆடியோ, குழந்தைகள் பிடித்தால் ஸ்பீச்" என்று சீனியர்கள் சொல்லும் சூத்திரம் தப்பு. பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்ற வரிசையில் வேலை செய்யும் ஆடியாலஜிஸ்ட், நாளில் பாதி நேரம் குழந்தை தூங்கும்வரை காத்திருக்கிறார். ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை எடுக்க அது தூங்கியாக வேண்டும். மீதி நேரத்தில், "என் பிள்ளைக்குக் காது கேட்காதா?" என்று கேட்கும் பெற்றோரிடம் பேசுகிறார். மறுபக்கம், மருத்துவமனையில் விழுங்கும் கோளாறு பார்க்கும் ஸ்பீச் நிபுணர் எக்ஸ்ரே திரையில், நோயாளி விழுங்கிய பேரியம் கலவை தொண்டைக்குள் எந்தப் பக்கம் இறங்குகிறது, மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் குழந்தையும் இல்லை, பொம்மையும் இல்லை.

உண்மையான வேறுபாடு சந்திப்புகளின் நீளத்திலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஆடியாலஜியில் பெரும்பாலும் ஒரு நாளில் பல பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு தெளிவான விடை: 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ்வரை ஆடியோகிராம், நடுச்செவி அழுத்தம், தேவைப்பட்டால் பெரா, உள்காது எழுப்பும் மெல்லொலியை அளக்கும் ஓ.ஏ.இ., தலைசுற்றல் என்று வந்தால் சமநிலைச் சோதனைகள். பிறகு கருவி பொருத்துதல், காக்ளியர் இம்ப்ளான்ட் மேப்பிங், அதாவது அறுவையில் உள்காதில் வைத்த கருவியின் அளவுகளை ஒவ்வொருவருக்கும் ஏற்பச் சரிசெய்தல். ஸ்பீச்சில் சிலரை மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் சொற்களைத் தொலைத்தவர், திக்கும் பதின்வயதுக்காரர், அன்னப்பிளவு அறுவை முடிந்த குழந்தை, ஆட்டிசம் உள்ள மூன்று வயதுக்காரன், குரல் கம்மிய ஆசிரியை. முன்னேற்றம் மெல்ல வரும். சில வாரங்கள் வரவே வராது. மெல்லிய முன்னேற்றத்தைக் கண்டு சலிக்கிறவர் ஸ்பீச்சைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துவிடும். அதற்குள் தாமதமாகியிருக்கும்.

இன்னொன்று மொழி. வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இதுதான் பெரிய எடை. ஸ்பீச் நிபுணருக்குப் பணிபுரியும் மொழியே கருவி. ஆங்கிலம் பேசும் நான்கு வயதுக் குழந்தையின் வாக்கிய அமைப்பில் எது வயதுக்கு இயல்பு, எது தாமதம் என்று காதாலேயே பிடிக்க வேண்டும். பிரிட்டனின் ஹெச்சிபிசி இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் வெளிநாட்டில் பயின்றவர்களிடம் மற்றத் தொழில்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7 கேட்கும் அந்த அமைப்பு, பேச்சு–மொழிச் சிகிச்சையாளரிடம் மொத்தம் 8, எந்தப் பகுதியிலும் 7.5க்குக் குறையாமல் என்று கேட்கிறது. எழுத்துப் பகுதியில் 7.5 எடுப்பது பலருக்கு முட்டுச்சுவர். ஆடியாலஜியிலும் சொற்களைக் கொண்டு செய்யும் சோதனைகள் உண்டு, நோயாளியிடம் விளக்கிப் பேசுவதும் உண்டு. ஆனால் மொழிநுட்பத்தின் மீது மொத்தத் தொழிலும் நிற்பதில்லை.

இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு

இளநிலையில் இரண்டு துறைகளும் ஒரே பட்டத்துக்குள் வருகின்றன. மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து நான்கு ஆண்டு பி.ஏ.எஸ்.எல்.பி. மேற்படிப்பில் பாதை பிரிகிறது: எம்.எஸ்சி. ஆடியாலஜி, எம்.எஸ்சி. பேச்சு–மொழி நோயியல் என இரண்டு ஆண்டுப் படிப்புகள் இரண்டு. இரண்டையும் சேர்த்து எம்.ஏ.எஸ்.எல்.பி. என்ற பெயரில் வழங்கும் பட்டமும் உண்டு. பொதுவாகக் கேட்கும் தகுதி பி.ஏ.எஸ்.எல்.பி.யில் 55 விழுக்காடு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இன்டர்ன்ஷிப் முடிந்திருக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டு இன்டர்ன்ஷிப் சான்று வராமல் சேர்க்கை நாளன்று தவிப்பவர்கள் உண்டு. போஸ்டிங்கில் விடுப்பு எடுத்து நாள்கள் நீண்டிருந்தால் இதை முன்பே கணக்குப் போடுங்கள்.

மைசூருவில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மும்பையில் 1983இல் அமைந்த அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் சமூகநீதி அமைச்சகத்தின் கீழ். திருவனந்தபுரத்தில் நிஷ் எனும் பேச்சு, செவிப்புலன் நிறுவனம், மணிபாலில் அதன் பல்கலைக்கழகம், சென்னைப் போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா என மேற்படிப்பு தரும் இடங்கள் இன்னும் பல. இந்தத் துறைக்கென நாடு முழுவதற்கும் ஒரே முதுநிலை நுழைவுத்தேர்வு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். எந்தக் கல்லூரியானாலும் ஆர்சிஐ இணையதளத்தில் அதன் பெயரோடு அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கான அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பதும் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதும் ஒன்றல்ல. பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் எம்.எஸ்சி.க்கும் இருக்கும் என்று நினைத்துச் சேர்வதில்தான் ஏமாற்றம் நடக்கிறது.

எம்.எஸ்சி. எதற்கு என்ற கேள்வியும் நியாயமானது. இந்தியாவில் கிளினிக்கில் வேலை பார்க்க பி.ஏ.எஸ்.எல்.பி. பதிவே போதும், அதுவும் இரண்டு துறையிலும். கல்லூரியில் பாடம் நடத்த, பெரிய மருத்துவமனையில் இம்ப்ளான்ட் குழுவில் சேர, ஆய்வுக்குப் போக, சில வெளிநாட்டுப் பதிவுகளுக்கு விண்ணப்பிக்க என்றால் முதுநிலை தேவை. இவற்றில் எதுவும் உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் இரண்டு ஆண்டு நல்ல இடத்தில் வேலை பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. எந்த நோயாளிகளைப் பார்க்கும்போது நேரம் போவது தெரியவில்லை என்பது அதற்குள் புரிந்திருக்கும்.

முதுநிலையை அடுத்து முனைவர் பட்டம் மட்டுமே வழி என்றும் இல்லை. தடய ஆய்வில் குரலை அடையாளம் காணும் பேச்சு அறிவியல், பேச முடியாதவர்களுக்கான மாற்றுத் தொடர்பு முறைகள், நரம்புசார் ஆடியாலஜி ஆகியவற்றில் முதுநிலைப் பட்டயங்களை மைசூரு நிறுவனம் நடத்திவருகிறது.

அமெரிக்கா: கணக்கு அதிகம், குழப்பமும் அதிகம்

இங்கே சான்று தரும் சங்கத்தின் பெயர் ஆஷா. நம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதன் மருத்துவத் திறன் சான்றுக்கு சிசிசி என்று பெயர். ஸ்பீச்சுக்கு ஒன்று, ஆடியாலஜிக்கு வேறொன்று. மாநில உரிமம் தனி, ஆஷா சான்று தனி. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் வேலை பார்க்கும் மாநிலத்தின் விதியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஸ்பீச்சில் நுழைவுத் தகுதி முதுநிலை. பெரும்பாலும் இரண்டு ஆண்டு. பாடத்தில் குறைந்தது 75 செமஸ்டர் கிரெடிட், அதில் 36 முதுநிலை மட்டத்தில். கிளினிக் நேரம் 400 மணி: அவற்றில் 25 மணி கவனித்துப் பார்ப்பது, 375 மணி நேரடியாக நோயாளியோடு. இந்த 400இல் குறைந்தது 325 மணி முதுநிலையில் படிக்கும்போது சேர்ந்திருக்க வேண்டும். அதாவது பி.ஏ.எஸ்.எல்.பி.யில் ஆயிரம் மணி நேரம் பார்த்திருந்தாலும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. அடுத்து பிராக்ஸிஸ் தேர்வு. ஸ்பீச் தாளில் 162 எடுக்க வேண்டும். அதன்பின் கிளினிக்கல் ஃபெலோஷிப்: வாரம் 35 மணி வீதம் 36 வாரம், மொத்தம் 1260 மணி, சான்று பெற்ற வழிகாட்டியின் கீழ். எஃப்–1 மாணவர் விசாவில் படித்தவர்களுக்குப் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் ஓபிடி எனும் தற்காலிக வேலை அனுமதி 12 மாதம். 36 வாரம் என்பது ஏறத்தாழ ஒன்பது மாதம், ஆகவே அதற்குள் அடங்கும். ஆனால் வேலை தேடுவதில் மூன்று மாதம் கரைந்தால், அல்லது மாநிலத்தின் தற்காலிக உரிமம் தாமதமானால், கணக்கு இடிக்கும். கடைசி செமஸ்டரிலேயே உரிமப் படிவத்தைத் தயாராக வைத்திருப்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள். எச்–1பி விசாவுக்குப் போகும்போது ஆடியாலஜிஸ்ட், பேச்சு நிபுணர் உள்ளிட்ட சில சுகாதாரத் தொழில்களுக்கு விசாஸ்கிரீன் என்ற கூடுதல் சான்று வேண்டும். அமெரிக்காவிலேயே படித்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்கு மனு போடும் நேரத்தில்தான் தெரியவருகிறது.

ஆடியாலஜியில் கதையே வேறு. 2012 முதல் புதிதாக ஆஷா சான்று கேட்பவருக்கு முனைவர் மட்டப் பட்டம் கட்டாயம். நடைமுறையில் அது ஏ.யு.டி. எனும் தொழில்முறை முனைவர் பட்டம். பொதுவாக நான்கு ஆண்டு, சில இடங்களில் மூன்று. இறுதி ஆண்டு முழுவதும் வெளி மருத்துவமனையில் எக்ஸ்டர்ன்ஷிப். அதனால் ஸ்பீச்சைப் போலத் தனி ஃபெலோஷிப் இல்லை. இந்திய எம்.எஸ்சி. ஆடியாலஜி முடித்தவரும் இந்தச் சான்றுக்கு ஏ.யு.டி. படித்தாக வேண்டும். எனவே அமெரிக்கா என்று உறுதியாகத் தீர்மானித்துவிட்ட ஆடியோ மாணவர் இந்தியாவில் எம்.எஸ்சி.க்கு இரண்டு ஆண்டு செலவழிப்பது ஏன் என்று யோசிக்க வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி.யோடு நேராக ஏ.யு.டி.க்கு விண்ணப்பிப்பதே குறுக்குவழி. ஸ்பீச்சில் அப்படியில்லை, வெளிநாட்டில் முதுநிலை முடித்தவர் பாடம், நேரம் என ஒவ்வொரு தகுதியையும் ஆவணத்தோடு காட்டி ஆஷாவிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கடினமான வழிதான்.

விண்ணப்பத்தில் அதிகம் இடறுவது முன்தேவைப் பாடங்கள். உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் என நான்கு பிரிவிலும் கல்லூரிப் பாடம் கேட்பார்கள். "பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படித்தோமே" என்பது பொதுவாக எடுபடாது. அவர்கள் கேட்பது பள்ளிக்குப் பிந்தைய கிரெடிட். "பி.ஏ.எஸ்.எல்.பி.யில் ஒலியியல் படித்தோமே" என்பதும் சிக்கல்: தொடர்பியல் துறைக்கென்றே உள்ள உயிரியல், இயற்பியல் பாடங்களை இந்தப் பிரிவில் பொதுவாக எண்ணுவதில்லை. புள்ளியியலிலும் அப்படியே, ஆய்வு முறையியல் தாள் புள்ளியியலுக்கு ஈடாகாது. உங்கள் பாடத்திட்டத்தில் புள்ளியியல் தனித் தலைப்பாக இருக்கிறதா, ஆய்வு முறையியலுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ஒளிந்திருந்தால், விடுபட்ட பாடத்தை எங்கே, எப்படிப் படித்தால் ஏற்பார்கள் என்று அந்தத் துறைக்கே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரும்பாலான துறைகள் சிஎஸ்டிகாஸ் என்ற ஒரே விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. ஒரு பொறி இருக்கிறது: அங்கே "கம்யூனிகேஷன் சயின்ஸ்" என்ற பெயரில் ஆய்வுக்கான எம்.எஸ்.களும் உண்டு. அவை கிளினிக் நேரம் தராது, சிசிசிக்கு வழிவிடாது. சிஏஏ எனும் குழு அங்கீகரித்த படிப்பா என்று அந்தக் குழுவின் பட்டியலிலேயே பாருங்கள். முழுக்க இணையவழி முதுநிலையும் உண்டு. அவற்றில் கிளினிக் போஸ்டிங் அமெரிக்க மண்ணில் நேரில் செய்யும்படியே பெரும்பாலும் அமைந்திருக்கும், இணையவழிப் படிப்புக்கு மாணவர் விசாவும் கிடைக்காது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா

பிரிட்டனில் ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: பதிவுக்கு முந்தைய எம்.எஸ்சி. பேச்சு–மொழிச் சிகிச்சையில் இரண்டு ஆண்டுப் பதிவுக்கு முந்தைய எம்.எஸ்சி. முடித்தால் ஹெச்சிபிசியில் சேரலாம். ஆனால் ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் திறன் வளர்க்கப் படிக்கும் எம்.எஸ்சி.களும் உள்ளன, பெரும்பாலும் ஓராண்டு. இந்திய மாணவருக்கு அது கவர்ச்சியாகத் தெரியும், சேர்க்கையும் எளிது. முடித்த பிறகு பதிவேட்டுக்கு அது உதவாது. ஹெச்சிபிசி தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அதில் இல்லையென்றால் கல்லூரிச் சிற்றேட்டில் என்ன எழுதியிருந்தாலும் இல்லைதான். பி.ஏ.எஸ்.எல்.பி. கையில் இருந்தால் பிரிட்டனில் படிக்காமலேயே வெளிநாட்டு விண்ணப்பதாரராக ஹெச்சிபிசியிடம் நேரடியாக மதிப்பீடு கேட்கலாம். மேலே சொன்ன ஐ.இ.எல்.டி.எஸ். வரம்பு வருவது இங்கேதான். ஆடியாலஜியில் சட்டப் பாதுகாப்பு "ஹியரிங் எய்ட் டிஸ்பென்சர்" என்ற பெயருக்கு உண்டு; "ஆடியாலஜிஸ்ட்" என்ற பெயருக்கு இல்லை. கடையில் கருவி விற்றுப் பொருத்த ஹெச்சிபிசி பதிவு கட்டாயம்.

ஆஸ்திரேலியாவில் செவிலியர், மருத்துவர்களைப் பதியும் தேசிய அமைப்பு இந்த இரண்டு தொழில்களையும் பதிவதில்லை. தொழில்முறைச் சங்கங்களே சான்று தருகின்றன. ஆடியாலஜியின் நுழைவுப் பட்டம் அங்கே இரண்டு ஆண்டு முதுநிலை. மெல்பர்ன், மக்வாரி, குயின்ஸ்லாந்து போன்ற பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அமெரிக்காவின் நான்கு ஆண்டோடு ஒப்பிட்டால் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. கனடாவில் இரண்டுக்கும் முதுநிலைதான், ஆனால் கல்லூரிகள் குறைவு, இடங்களும் குறைவு.

"ஒரு நாட்டில் சான்று பெற்றால் எல்லா நாட்டிலும் செல்லும், ஒப்பந்தம் இருக்கிறது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒப்பந்தம் உண்மை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாட்டுப் பேச்சு–மொழிச் சங்கங்கள் ஒன்றன் சான்றை மற்றொன்று மதிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியா அதில் இல்லை. ஆடியாலஜி அதில் இல்லை. உரிமத்தையோ விசாவையோ அது தருவதும் இல்லை. விண்ணப்பப் பாதையைச் சுருக்கும், அவ்வளவே.

வேறு பட்டத்திலிருந்து வருபவர்கள்

உளவியல், மொழியியல், உயிரியல், நர்சிங் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வர விரும்புவோருக்கு இந்தியாவில் மேற்படிப்பு வாசல் மூடியிருக்கிறது, எம்.எஸ்சி.க்கு பி.ஏ.எஸ்.எல்.பி. வேண்டும். பிளஸ் டூ தகுதியில் மீண்டும் நான்கு ஆண்டு தொடங்க வேண்டும். பிரிட்டனின் பதிவுக்கு முந்தைய எம்.எஸ்சி.யும் ஆஸ்திரேலிய முதுநிலையும் ஏறக்குறைய இவர்களுக்காகவே அமைந்தவை. அமெரிக்காவில் ஒலியியல், உடற்கூறு, மொழி வளர்ச்சி, செவியியல் அடிப்படை முதலான அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள். அதற்கு ஓராண்டு கூடும். இப்படி வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியா திரும்பினால் ஆர்சிஐ பதிவு தானாக வராது. போவதற்கு முன்பே மன்றத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

தரவரிசை எண் இந்தத் துறையில் அதிகம் சொல்லாது. ஸ்பீச் என்றால் விழுங்கும் கோளாறுக்கு எக்ஸ்ரே சோதனையோ எண்டோஸ்கோப்பிச் சோதனையோ மாணவர் நேரில் பார்க்கிறாரா, அல்லது ஸ்லைடில்தானா என்று கேளுங்கள். ஸ்லைடில் கற்றவருக்கு மருத்துவமனை வேலை முதல் வாரமே உதறலாக இருக்கும். ஆடியாலஜி என்றால் ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் எத்தனை குழந்தைகளுக்கு பெரா எடுக்கிறார், கருவி பொருத்தியபின் காதுக்குள் ஒலியளவைச் சரிபார்க்கும் ரியல் இயர் அளவீட்டை வழக்கமாகச் செய்கிறார்களா, கருவிகளின் காலிபரேஷன் சான்று எந்தத் தேதியில் எடுத்தது. இந்தக் கடைசிக் கேள்விக்குத் துறைத் தலைவர் தயங்கினால் அதுவே விடை.

மேற்பார்வையையும் கேளுங்கள். ஆஷா விதிப்படி ஒவ்வொரு நோயாளியுடனும் மாணவர் செலவிடும் நேரத்தில் குறைந்தது கால்பங்காவது மேற்பார்வையாளர் நேரில் கவனிக்க வேண்டும். இந்த அளவை எந்த நாட்டுக் கல்லூரிக்கும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். முடிவில் கையெழுத்து மட்டும் போடும் மேற்பார்வையில் தவறான பழக்கங்கள் உறுதியாகப் படிந்துவிடும்.

படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே தொடங்க வேண்டியது லாக் புக். கல்லூரி கேட்கும் வடிவம் போதாது. தேதி, நிமிடம், நோயாளியின் வயது, கோளாறு வகை, மதிப்பீடா சிகிச்சையா, மேற்பார்வையாளர் பெயரும் பதிவு எண்ணும், கையெழுத்து என எட்டு பத்திகளாகத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். வெளிநாட்டு மதிப்பீட்டுப் படிவங்கள் மணி நேரத்தை வயதுவாரியாக, கோளாறுவாரியாகப் பிரித்துக் கேட்கும். "மொத்தம் 1200 மணி" என்ற ஒற்றை வரிச் சான்றைப் பிரித்துக் காட்ட நான்கு ஆண்டு கழித்து யாராலும் முடியாது. அதற்குள் மேற்பார்வையாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார், பழைய பதிவேடு எங்கே இருக்கிறது என்று துறை அலுவலகத்துக்கும் தெரியாது. கூடவே ஒவ்வொரு தாளின் விரிவான பாடத்திட்டத்தையும் துறை முத்திரையோடு வாங்கி ஸ்கேன் செய்துவிடுங்கள். பாடத்திட்டம் திருத்தப்பட்டபின் பழையதைத் தேடிக் கண்டுபிடிப்பது, மதிப்பெண் பட்டியல் வாங்குவதைவிடச் சிரமம். அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே விழும். முத்திரைகளுக்கான அலைச்சலை அதற்கு முந்தைய ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள்.